18 அங்குலத்துக்கு மேலே இருந்த அழுக்கு: ஒரு பேஸ்பால் மட்டையின் நிகழ்வு ஆய்வு

1983 ஜூலை 24, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் மேல்பாதி, அதாவது வெளியூர் அணி மட்டை பிடிக்கும் பாதி. யாங்கீஸுக்கு எதிராகக் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் 3–4 என்று பின்தங்கி நிற்கிறது. இரண்டு பேர் அவுட், யு.எல். வாஷிங்டன் முதல் தளத்தில் நிற்கிறார். யாங்கீஸ் பந்துவீச்சாளர் கூஸ் காஸேஜ் வீசிய பந்தை ராயல்ஸின் ஜார்ஜ் பிரெட் வலப்பக்கப் பார்வையாளர்களிடையே அனுப்பிவைத்தார்; ஹோம் ரன். இரண்டு ஓட்டம், 5–4. பிரெட் தளங்களைச் சுற்றிவந்து டக்-அவுட்டில் உட்கார்ந்துவிட்டார்.

யாங்கீஸ் மேலாளர் பில்லி மார்ட்டின் நடந்து வந்து, அந்த மட்டையைப் பாருங்கள் என்று நடுவர் டிம் மெக்லெலண்டிடம் சொன்னார். அளவுகோல் யாரிடமும் இல்லை. மட்டையாளர் அருகே தரையில் பதித்த தட்டான ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம் என்பது எல்லா நடுவருக்கும் மனப்பாடம். மட்டையை அதன்மேல் கிடத்திப் பார்த்தார்கள். பிடி வழுக்காமலிருக்கப் பூசும் பிசுபிசுப்பான பைன் தாரைக் கைப்பிடியிலிருந்து 18 அங்குலம் வரைதான் பூசலாம் என்பது விதி. நடுவர் குழு சொன்ன கணக்குப்படி, 19, 20 அங்குலம் வரை அழுத்தமான பூச்சு. அதற்கு மேல் இன்னும் மூன்று நான்கு அங்குலத்துக்கு மெல்லிய பூச்சு. மெக்லெலண்ட் மட்டையை டக்-அவுட் பக்கம் நீட்டி, அவுட் என்று கையை உயர்த்தினார். ஹோம் ரன் ரத்து, ராயல்ஸுக்குத் தோல்வி. பிரெட் கண் பிதுங்க ஓடிவந்த காட்சியை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இன்றும் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கலவரத்துக்கு நடுவே நடந்த ஒரு சின்ன விஷயத்துக்குத்தான் இங்கே முக்கியத்துவம். ராயல்ஸ் பந்துவீச்சாளர் கெய்லார்ட் பெர்ரி மட்டையைத் தட்டிப்பறித்து, சக வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றி, உடைமாற்றும் அறைப்பக்கம் கொண்டுபோகப் பார்த்தார்கள். பிடிபட்டது. பந்தில் எச்சில் தடவி வீசும் விதிமீறலுக்குப் பேர்போன பெர்ரிக்குத் தடயம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. மட்டை லீக் அலுவலகத்துக்குப் போயிற்று. நான்கு நாள் கழித்து, அமெரிக்கன் லீக் தலைவர் லீ மெக்பெயில் ராயல்ஸின் முறையீட்டை ஏற்றார். ஹோம் ரன் செல்லும். ஆட்டம் அந்த இடத்திலிருந்து தொடரட்டும் என்றார். ஆகஸ்ட் 18 அன்று மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்து, ராயல்ஸ் அதே 5–4 கணக்கில் வென்றது.

மெக்பெயில் அப்படி முடிவெடுத்ததற்குக் காரணம் அந்த விதி பிறந்த விதம். பைன் தார் அதிகமாக இருந்தால் பந்து கூடுதல் தூரம் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. மட்டையின் மேல்பகுதியில் தார் இருந்தால் பந்தில் ஒட்டும், கறைபட்ட பந்தைத் தூக்கிப்போட்டு வேறு எடுக்க வேண்டும், காசு வீண். பந்துச் செலவை மிச்சம்பிடிக்க வந்த விதி அது. ஒரு பொருளில் ஒட்டியிருக்கும் அழுக்கு என்ன, அதனால் யாருக்கு என்ன கெடுதல், அதை எடுக்கத்தான் வேண்டுமா என்று ஒரு விளையாட்டு லீக்கின் தலைவர் உட்கார்ந்து ஆராய்ந்து தீர்ப்பு எழுதியது இந்த மட்டைக்காகத்தான் இருக்கும். பழைய மட்டைகளைச் சுத்தம்செய்வது பற்றிப் பேச இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மட்டை

கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்தின் ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி நிறுவனத்தார் கடைந்த லூயிவில் ஸ்லக்கர் அது. மாதிரி எண் டி-85. மரம், வெள்ளை ஆஷ். பிரெட் அதை ஏழு ரேகை மட்டை என்று பெருமையாகச் சொல்வார்; ரேகை என்பது மரத்தின் ஆண்டு வளையம் மட்டையில் கோடாகத் தெரிவது. ஆஷ் மரத்தில் ஓர் ஆண்டு வளையத்துக்கு இரண்டு பட்டை உண்டு. வசந்தத்தில் வளரும் பட்டையில் வெறும் கண்ணுக்கே தெரியும் துளைகள். கோடையில் வளர்வது இறுகிய கட்டை. மரம் வேகமாக வளர்ந்து வளையம் அகன்றால், அதிகமாவது இந்த இறுகிய பங்குதான். அதனால் ரேகை குறைந்த ஆஷ் பலமான ஆஷ் என்ற ஆட்டக்காரர் கணக்கு பொய்யில்லை.

சுத்தம்செய்பவருக்கு இந்த அமைப்பில் இரண்டு சிக்கல். முதலாவது, அந்தத் துளைகள். மேலே இருக்கும் அழுக்கைக் கரைத்தால் அது துணிக்கு வருவதற்குமுன் துளைக்குள் இறங்கும். இரண்டாவது, வசந்தப் பட்டையும் கோடைப் பட்டையும் சேரும் இடம் பலவீனமானது. ஆயிரக்கணக்கான அடி வாங்கிய மட்டையில் அந்த வளையங்கள் ஏடு ஏடாகக் கிளம்பி நிற்கும். பழைய ஆட்டக்காரர்கள் மாட்டெலும்பாலோ கண்ணாடிப் புட்டியாலோ மட்டையை அழுத்தித் தேய்த்தது அந்த ஏடுகளை இறுக்கத்தான். கிளம்பி நிற்கும் ஏட்டின்மேல் துணியை இழுத்தால், ஒரு சிம்பு துணியோடு வந்துவிடும்.

பைன் தார் என்பது பைன் மரத்தின் வேரையும் அடிக்கட்டையையும் காற்றுப்படாமல் சுட்டு இறக்கும் கருங்குழம்பு. முன்பு மரக்கப்பல்களுக்கும் கயிறுகளுக்கும் பூசினார்கள். பிரெட் கையுறை போடாமல் வெறுங்கையோடு ஆடியவர். மட்டையின் மேல்பகுதியில் தாரைத் தடித்துப் பூசிவைத்து, பிடி வழுக்கும்போதெல்லாம் அங்கே கையைத் தேய்த்துக்கொள்வார். 18 அங்குலத்தைத் தாண்டிய தாரின் கதை அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே யாங்கீஸ்காரர்கள் இதைக் கவனித்துவைத்து, வேளை வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

லீக் அலுவலகத்திலிருந்து மட்டை திரும்பி வந்ததும் பிரெட் அதைக்கொண்டே மேலும் சில ஆட்டங்கள் ஆடினார். அவருக்கு அது நல்ல மட்டை, அவ்வளவுதான். பெர்ரிதான், இது ரொம்ப மதிப்புள்ளது, எடுத்துப் பத்திரமாக வை என்று சொன்னாராம். மட்டை உடைந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. பிறகு பிரெட் அதைப் பாரி ஹால்பர் என்ற சேகரிப்பாளருக்கு 25,000 டாலருக்கு விற்றார். மனம் கேட்காமல் அதே விலைக்குத் திரும்ப வாங்கினார். 1987 முதல் அது நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில், தேசிய பேஸ்பால் புகழ்மன்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால்

இந்த மட்டையின் கதை தெரியாத ஒருவருக்கு இது வீட்டுப் பரணில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி கறுப்பு, பிசுபிசுப்பு, அதில் தூசி, நூல், முடி. முதல் வேலையாக ஆல்கஹால் தோய்த்த துணியை எடுப்பார். தார் கரையும், ஐயமே இல்லை. கரைந்த தார் பழுப்புத் தண்ணீராக ஆஷின் துளைகளுக்குள் ஓடும். கைப்பிடியில் இருந்த விளிம்பு தெளிவான பூச்சு, மட்டையின் பாதிவரை பரவிய தெளிவில்லாத கறையாகும். தாருக்கு அடியில் இருக்கும் மெருகும் சேர்ந்து இளகலாம். பழைய மட்டைகளில் அரக்கு மெருகு இருந்தால் அதற்கு ஆல்கஹாலே எமன். லாக்கர் என்றால் அசிட்டோன். டர்பன்டைனும், பெட்ரோலியக் கரைப்பானான மினரல் ஸ்பிரிட்டும் தாரை மெதுவாக இளக்கும், ஆனால் துளைக்குள் இறங்கும் கதை அதேதான்.

போகும் பொருள் எது என்று பாருங்கள். 18 அங்குலக் கோட்டுக்கு மேலே அழுத்தமாக எவ்வளவு, மெல்லியதாக எவ்வளவு என்பதுதான் 1983இன் வழக்கே. அந்த விளிம்பு கலைந்தால் மிஞ்சுவது நன்றாகக் கடைந்த இன்னொரு டி-85. அதே மாதிரியில் ஆலையிலிருந்து வந்தவை எத்தனையோ உண்டு.

ஆகவே இந்த மட்டைக்கு என் முடிவு, தாரைத் தொடக் கூடாது என்பது. இதில் தயக்கமே இல்லை. ஆனால் தொடாமல் விடுவது சும்மா இருப்பதல்ல. உண்மையில் அதுதான் அதிக வேலை. தார் முழுவதும் காய்ந்து கெட்டியாகும் பொருள் இல்லை. எது பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். பருத்திக் கையுறையோடு எடுத்தால் நார் ஒட்டும். நைட்ரைல் கையுறை வேண்டும், அதோடும் தார் இல்லாத பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். அமிலமில்லாத மென்தாளில் சுற்றினால் தாள் ஒட்டிக் கிழியும். பிசுபிசுக்கும் பரப்புக்குச் சிலிக்கோன் பூசிய பாலியஸ்டர் படலம்தான் பாதுகாப்பு. குமிழி உறையில் சுற்றினால் குமிழியின் வட்டங்கள் தாரில் அச்சாகப் பதிந்துவிடும். தாங்கு கட்டைகள் தார் இல்லாத இரண்டு இடங்களில், பாலிஎத்திலீன் நுரை வைத்து. மூடிய கண்ணாடிப் பெட்டி, தூசி உள்ளே வராமல். வெப்பம் ஏறினால் தார் இளகி வழியும் என்பதால் பெட்டிக்குள் சூடாகும் விளக்கு கூடாது.

இது தனி ஒரு மட்டையின் கதையல்ல

லூயிவிலில் உள்ள நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பழைய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தின் 1927ஆம் ஆண்டு மட்டை ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் முத்திரையைச் சுற்றி 21 சிறு கீறல்கள். ஒரு ஹோம் ரன்னுக்கு ஒன்று என்று ரூத்தே வெட்டியவை. அந்த ஆண்டு அவர் அடித்தது 60. மெருகேற்றுபவர் கையில் அது கிடைத்திருந்தால், சேதம் என்று நினைத்து மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருப்பார். இன்னொரு பழைய ஆட்டக்காரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனின் 'பிளாக் பெட்சி' (கறுப்பு பெட்சி) மட்டை கறுத்தது புகையிலைச் சாற்றால். 2001இல் அது இணைய ஏலத்தில் 5,77,610 டாலருக்குப் போயிற்று. அந்தக் கறுப்பைத் துடைத்திருந்தால் மட்டைக்குப் பெயரே மிஞ்சியிருக்காது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பேர்பெற்ற மட்டையாளர் டெட் வில்லியம்ஸ் தன் மட்டைகளை எலும்பால் தேய்ப்பார், ஒவ்வோர் இரவும் ஆல்கஹாலால் துடைப்பார், ஈரம் ஏறி எடை கூடிவிட்டதா என்று பார்க்கத் தபால் நிலையத்துத் தராசில் நிறுப்பார். ஆகவே ஆல்கஹால் பட்டாலே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. வில்லியம்ஸ் துடைத்தது அடுத்த நாள் ஆடுவதற்கு. அவர் துடைத்த சுவடும் அந்த மட்டையின் ஆட்ட வரலாற்றில் சேர்ந்தது. ஐம்பது வருடம் கழித்து நாம் துடைப்பதற்கு அந்த உரிமை கிடையாது.

இன்று ஒரு மட்டை இன்னார் ஆடியதுதானா என்று தீர்மானிக்க, வல்லுநர்கள் பழைய புகைப்படங்களோடு ஒப்பிடுகிறார்கள். ரேகையின் வளைவு, ஒரு கீறல், தாரின் விளிம்பு என்று ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்க்கிறார்கள். பந்தின் தையல் பதிந்த குழிகள், பந்தில் அச்சிட்ட எழுத்திலிருந்து ஒட்டிய மை, டக்-அவுட்டில் மட்டை வைக்கும் தாங்கியின் பெயின்ட் இழுத்த வண்ணக்கோடு, காலணி ஆணிகளைத் தட்டி மண் உதிர்த்த தழும்பு, இவை எல்லாம் சாட்சிகள். அறியாத கண்ணுக்கு இவையெல்லாம் அழுக்கும் சேதமும்தான்.

அதனால் எந்த மட்டை வந்தாலும் முதல் கேள்வி, இது ஆட்டம் விட்ட அழுக்கா, கிடங்கு விட்ட அழுக்கா என்பது. தார், புகையிலைச் சாறு, பந்து மை, தாங்கிக் கோடு ஆட்டம் விட்டவை. பரணின் தூசி, எலிப் புழுக்கை, சமையலறைப் புகை, பூஞ்சை, சுவருக்கு வெள்ளையடித்தபோது தெறித்த துளி, போன வருடம் யாரோ ஒட்டிய விலைச்சீட்டின் பசை, இவை கிடங்கு விட்டவை. இரண்டாவது வகையை எடுப்பதுதான் சுத்தம்செய்தல். சில நேரம் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். தாரில் ஒட்டிய பரண்தூசியைத் தாரைத் தொடாமல் எடுக்க முடியாது. அப்போது தூசி இருந்துவிட்டுப் போகட்டும்.

சாதாரண மட்டைக்கு என்ன செய்யலாம்

பிரெட்டின் மட்டை நம் கைக்கு வரப்போவதில்லை. அமெரிக்க வீடுகளில் உண்மையில் கிடைப்பது, கடையில் சிறுவர்களுக்கும் உள்ளூர் அணிகளுக்கும் விற்ற மட்டை. முத்திரையில் யாரோ ஒரு நட்சத்திரத்தின் கையெழுத்தின் சூட்டச்சு இருக்கும். ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரர் 1905இல் தன் கையெழுத்தை மட்டையில் போட ஒப்பந்தம் செய்ததிலிருந்து தொடரும் வழக்கம் அது. கடை மட்டையின் கைப்பிடிக் குமிழில் பெரும்பாலும் நீள எண் குத்தியிருக்கும், 33, 34 என்று. நடு முத்திரையின் வாசகம் வயதைச் சொல்லும்: ஜே.எஃப். ஹில்லரிச் அண்ட் சன் என்று இருந்தால் பழையது. ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி என்ற பெயர் 1916இல்தான் வந்தது. சூடுபோட்ட முத்திரையின் ஆழம் மிகக் கொஞ்சம். உப்புத்தாள் நாலு இழுப்பு இழுத்தால் வருடத்தைச் சொல்லும் எழுத்து மங்கும், பத்து இழுத்தால் மறையும். பழைய மட்டைச் சேகரிப்பில் ஒரே ஒரு தடை வைக்கச் சொன்னால் உப்புத்தாளுக்கு வைப்பேன்.

தொடுமுன் படம் எடுக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் எடுத்தால் போதாது. விளக்கை ஒரு பக்கமாகத் தாழ வைத்து, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் மட்டையை மெல்லச் சுழற்றிக்கொண்டே எடுக்க வேண்டும். நேரே பார்க்கும்போது மங்கிப்போயிருந்த முத்திரை அப்போது எழுந்து நிற்கும். கிளம்பிய ஏடுகளும் தையல் குழிகளும் அப்போதுதான் தெரியும். எடையும் பார்த்து எழுதிவைத்தால் நல்லது; மட்டை ஈரம் குடிக்கிறதா, காய்கிறதா என்று பிறகு அதுதான் காட்டும்.

அடுத்து மென்மையான உலர்ந்த தூரிகை. ரேகை ஓடும் திசையில், வேறெந்தத் திசையிலும் இல்லை. பாதி மட்டைகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. இன்னும் மங்கலாக இருந்தால், பஞ்சுக் குச்சியில் சுத்தமான தண்ணீரைத் தொட்டு, உதறி, ஈரம் என்று சொல்லமுடியாத அளவுக்கு வைத்து, குமிழுக்கு அருகில் ஒரு விரல்நக அளவில் சோதிக்கலாம். அருங்காட்சியகத்தார் எச்சிலையும் பயன்படுத்துகிறார்கள். கேலியில்லை, எச்சிலில் உள்ள நொதிகள் கொழுப்பும் புரதமும் கலந்த கை அழுக்கைத் தண்ணீரைவிட நன்றாக எடுக்கும். பிறகு தண்ணீர் தொட்ட குச்சியால் ஒருமுறை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. ஆஷ் ஈரம்பட்டால் ரேகை பூரித்து எழும். எழுந்தது மறுபடி படியாது.

எண்ணெய்ப் பிசுக்கு, சமையலறைப் புகை போன்றவற்றுக்கு மினரல் ஸ்பிரிட். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு எரியாத அறையில், அதே சின்னக் குச்சியில். ஒவ்வொரு குச்சியையும் திருப்பிப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறம் வந்தால் தூசி. மஞ்சளோ தேன் நிறமோ வந்தால் மெருகு வருகிறது. அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்ட மட்டை என்றால் மை இருக்கும் பக்கம் எந்தத் திரவமும் போகக் கூடாது. பந்துமுனைப் பேனாவும் மார்க்கரும் ஆல்கஹாலைக் கண்டால் ஓடிவிடும். பொன்தகட்டு முத்திரை, வண்ண வளையம், காகிதச் சீட்டு, எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

மிக நுண்ணிய ஸ்டீல் உல் கொண்டு லேசாகத் தேய்ப்பது அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் பரவலான பழக்கம். மெருகின் மேல்படலத்தை அது தேய்க்கிறது. முறிந்த இரும்பு இழைகள் ஆஷின் துளையில் தங்கி, ஈரக் காலத்தில் துருப்புள்ளியாகும். பளபளப்பு உடனே தெரியும், துரு சில வருடம் கழித்துத் தெரியும் என்பதால்தான் அந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை.

கிரிக்கெட் ஆடிய நம்மவர்களுக்கு எடுத்த எடுப்பில் தோன்றுவது ஆளிவிதை எண்ணெய். அது புதிய வில்லோ மட்டைக்கு, நாளை ஆடப்போகும் மட்டைக்குச் சரி. பழைய ஆஷ் மட்டைக்கு இன்று பூசினால் முதல் வாரம் ரேகையெல்லாம் உயிர்பெற்றதுபோல் இருக்கும். பிறகு எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும், கறுக்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; இறுகியபின் அதைக் கரைக்கும் எதுவும் அடியில் உள்ள பழைய மெருகையும் சேர்த்துக் கரைக்கும். மரம் பசியோடு இருக்கிறது, எண்ணெய் ஊட்ட வேண்டும் என்ற பேச்சும் உண்டு. வெட்டிக் காய்ந்த கட்டைக்குப் பசி கிடையாது. அதற்கு வேண்டியது நிலையான ஈரப்பதம். இதையும் மீறி யாராவது எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணி தானே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி வைக்கலாம், அல்லது வெளியே விரித்துப் போடலாம்.

மேலே ஏதாவது பூசித்தான் ஆக வேண்டும் என்றால் நுண்படிக மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் அந்த வகை. கடுகளவு எடுத்து, மென்துணியில் பரப்பி, மெருகு கெடாத பகுதியில் மட்டும். தாரின்மேல், மையின்மேல், ஏடு கிளம்பிய இடத்தில் கூடாது. தேவையானால் மினரல் ஸ்பிரிட்டால் பிறகு எடுத்துவிடலாம் என்பதே அதன் பெரிய குணம்.

கைப்பிடி விரிசலை என்ன செய்வது என்று கேட்பார்கள். பழைய காலத்தில் விரிந்த மட்டையை யாரும் தூக்கிப்போடவில்லை. ஆணி அடித்தார்கள், திருகாணி போட்டார்கள், கறுப்புத் துணிநாடா சுற்றி மறுபடி ஆடினார்கள். அந்த ஆணியும் நாடாவும் அந்தக் காலத்தவை என்றால் அப்படியே இருக்கட்டும். புதிதாக மரப்பசை விட்டு இறுக்கி, விரிசல் தெரியாமல் சாயம் பூசுவது, விற்கும் இடத்தில் சொல்லாவிட்டால் மோசடி. சொன்னால்கூட எனக்குப் பிடிக்காது.

பூச்சியும் ஈரமும்

துடைப்பதைப் பற்றி எவ்வளவு பேசினாலும், மட்டைகளைக் கொல்வது பெரும்பாலும் வைத்த இடம்தான். வெள்ளை ஆஷ் பச்சையிலிருந்து முழுவதும் காயும்போது வளையத்தின் போக்கில் 7.8 சதமும், வளையத்துக்குக் குறுக்கே 4.9 சதமும் சுருங்கும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் மட்டை சின்னதாகும், அவ்வளவுதான். வேறு வேறு அளவாக இருப்பதால் வட்டம் நீள்வட்டமாகிறது, இழுவிசையில் பிளக்கிறது. ஆலையிலேயே காயவைத்த கட்டைக்கு இந்த முழு அசைவும் வராது. ஆனால் அமெரிக்க வீட்டுப் பரண் கோடையில் அடுப்பாகவும் நிலவறை மழைக்காலத்தில் கிணறாகவும் மாறும்போது, அதன் ஒரு பங்கு ஆண்டுக்கு ஆண்டு போய்வந்துகொண்டிருக்கும். ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 சதத்துக்குள் நின்றால் போதும். அந்த நிலையில் கட்டைக்குள் ஈரம் ஏறக்குறைய 9 சதத்தில் அடங்கியிருக்கும். மனிதர் வசிக்கும் அறையின் உள்சுவர் பக்கம் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு வருடக்கணக்கில் விடக் கூடாது, வளையும்.

வெயில் மெருகை மஞ்சளாக்கும், மையை வெளுக்கவைக்கும். கையெழுத்து உள்ள மட்டைக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியக வழக்கு. வீட்டில் அளக்க முடியாவிட்டால், சன்னலுக்கு எதிரே மாட்டாமல் இருந்தாலே போதும்.

உளு வண்டு தனி விஷயம். அது தேடுவது பெருந்துளையுள்ள மரத்தின் வெண்கட்டையை (பட்டைக்கு அடுத்துள்ள வெளிர்ந்த கட்டையை), அங்கே சேர்ந்திருக்கும் மாவுச்சத்துக்காக. ஆஷும் ஹிக்கரியும் அதற்கு விருந்து. மட்டை செய்வதும் பெரும்பாலும் அந்த வெளிர்ந்த வெண்கட்டையில்தான். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் துளையும், கீழே மைதாபோல் கொட்டிய தூளும் அடையாளம். துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பழைய கதையாக இருக்கலாம். மட்டையைக் கறுப்புத் தாளின்மேல் வைத்து ஒரு மாதம் பார்த்தால் தெரிந்துவிடும். புதுத் தூள் விழுந்தால், காற்றை வெளியேற்றிய பாலிதீன் பையில் மூடி, கழித்தல் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது ஒரு வாரம் உறையவைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச்சூட்டுக்கு வர ஒரு நாள் விட வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த கட்டையின்மேல் ஈரம் வியர்த்து, ரேகை எழும்பும். மருந்தடிப்பவர் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். அவர்கள் தெளிக்கும் திரவத்தில் உள்ள கரைப்பான் மெருகையும் மையையும் என்ன செய்யும் என்று அவர்களுக்குக் கவலை இல்லை.

தார் பூசிய மட்டையை உறையவைக்க வேண்டி வந்தால், பைக்குள் போடுமுன் தார்ப்பகுதிக்குச் சிலிக்கோன் படலம் சுற்ற வேண்டும். குளிரில் தார் கண்ணாடிபோல் இறுகி நொறுங்கக்கூடியதாகும். அந்த நிலையில் ஒரு தட்டு பட்டால் விளிம்பு சில்லாகப் பெயரும். அதனால் முழுவதும் அறைச்சூட்டுக்கு வரும்வரை யாரும் கைவைக்காமல் இருக்க, பையின்மேல் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.